சொந்த லாரியா, சம்பள டிரைவரா?

கேரள எல்லையில் இருக்கும் வாளையாறு தாண்டி லாரி ஓட்டும் டிரைவர்களில் பலருக்குச் சொந்த வண்டி ஆசை உண்டு. வாடகைக் கணக்கை மட்டும் பார்த்து இறங்கிவிட வேண்டாம். கோவையிலிருந்து கொச்சிக்கு லோடு கிடைத்துவிடும். ரிட்டன் லோடுக்காக வண்டி நிற்கும் நாளிலும் கடன் டியூ ஓடிக்கொண்டுதான் இருக்கும். சம்பளத்துக்கு ஓட்டுபவருக்குப் படி குறையும், அவ்வளவுதான். மற்ற தலைவலியெல்லாம் முதலாளிக்கு.

பழைய வண்டி என்றால் முதலில் ஆர்.சி.யை (பதிவுச் சான்று) வாங்கி வண்டியின் வயதைப் பாருங்கள். வெளி மாநிலங்களுக்கு ஓட்டத் தேவையான நேஷனல் பெர்மிட் 12 வயது வரைதான். இரண்டு அச்சுக்கு மேல் உள்ள மல்டி ஆக்சில் வண்டிக்கு 15. பதினொரு வயது வண்டி ‘சல்லிசாக’ வருகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பெர்மிட்டுக்கு ஆண்டுக்கு 16,500 ரூபாய். 8 வயது கடந்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) வருடா வருடம். அப்புறம், ஆர்.சி.யில் ஹெச்.பி. (வண்டி மேல் கடன் இருப்பதற்கான பதிவு) இருந்தால், அதை நீக்குவதற்கு ஃபைனான்ஸ்காரர் கையெழுத்திட்ட படிவம் 35 கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

லீசுக்கு எடுப்பவர்கள் டயரும் இன்சூரன்சும் யார் செலவு என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சண்டை முதலில் டயரில்தான் வரும்.