குழாய் கேஸ் வரும்வரை சிலிண்டரை விடாதீர்கள்

கோவை–கேரள எல்லையில் க.க.சாவடி, எட்டிமடை, வாளையார் பக்கம் எங்கே போனாலும் கேட்கிற கேள்வி இதுதான்: "குழாய் கேஸ் வருதாமுங்க, சிலிண்டரை ஒப்படைச்சிரலாமுங்களா?" உங்கள் அடுப்பில் அது எரிவதைக் கண்ணால் பார்க்கிறவரை ஒப்படைக்காதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கொச்சி புதுவைப்பில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளக்கூடிய எல்என்ஜி (குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையம் 2013-லேயே வந்துவிட்டது, கேஸை வெளியே கொண்டுபோகக் குழாய் இல்லாமல் பல வருடம் அதில் பெரும்பகுதி சும்மாவே கிடந்தது. அதே வருடம் தமிழக அரசு, கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில் விளைநிலத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைக் கொண்டுபோங்கள் என்று அதைப் பதிக்கிற மத்திய அரசு நிறுவனமான கெயிலிடம் சொன்னது. தோட்டத்துக்காரர்கள் கேட்டதும் அதைத்தான், அதில் நியாயமும் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 2016-ல் கெயில் பக்கம் தீர்ப்பானது. கொச்சி–மங்களூரு குழாய் திறந்தது 2021 ஜனவரியில். கோவை மாவட்டத்தில் வீடுகளுக்குக் கேஸ் கொடுக்கும் உரிமம் இந்தியன் ஆயிலுக்கு 2018-லேயே கிடைத்துவிட்டது. ஆக, உரிமம், குழாய், உங்கள் அடுப்பு, மூன்றுக்கும் நடுவில் வருடக்கணக்கு ஓடும். தெருவைத் தோண்டிக் குழாயைப் புதைத்துவிட்டார்கள் என்பதை வைத்து நம்பிவிடாதீர்கள்.

சரி, அவசரப்பட்டு ஒப்படைத்தால் என்ன நஷ்டம்? 14.2 கிலோ சிலிண்டருக்கான டெபாசிட் 2022 ஜூனில் 1450-லிருந்து 2200 ரூபாய் ஆனது, ரெகுலேட்டருக்கு 150-லிருந்து 250. ஒப்படைக்கும்போது நீங்கள் அன்றைக்குக் கட்டிய பழைய தொகைதான் கையில் வரும், திரும்ப வேண்டுமென்றால் புது விலை. அதனால் கனெக்‌ஷன் எடுத்தபோது கொடுத்த டெபாசிட் வவுச்சரை இன்றைக்கே தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் குழாய் கேஸ் எரிய ஆரம்பித்ததும் சிலிண்டர், குழாய் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறதா என்று ஏஜென்சியில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

குழாய் இணைப்புக்குப் படிவம் வாங்க ஆள் வந்தால், எங்கள் தெருவுக்குக் கேஸ் விட்டாயிற்றா, டெபாசிட் திரும்பக் கிடைக்குமா, மீட்டரிலிருந்து அடுப்புவரை எத்தனை மீட்டர் குழாய் நாங்கள் கட்டுகிற தொகைக்குள் வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். விலையையும் கேளுங்கள், ஆனால் இன்றைய விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கொச்சியில் இறங்குவது கப்பலில் வரும் கேஸ், உலகச் சந்தை ஏறினால் இங்கேயும் ஏறும். மெஸ், டீக்கடை வைத்திருப்பவர்கள் 19 கிலோ சிலிண்டரில் மாதம் எத்தனை போகிறது என்று மூன்று மாதம் நோட்டில் குறித்து வைத்தால், இரண்டு விலையையும் ஒப்பிடக் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

அதுவரை சிலிண்டர் பக்கமும் ஒரு கண் வேண்டும். கழுத்து வளையத்தின் உள்பக்கம் பி-27 என்று எழுதியிருந்தால் 2027 ஏப்ரல்–ஜூனுக்குள் அடுத்த சோதனை நடக்க வேண்டும் என்று அர்த்தம். அந்தத் தேதி தாண்டியதை வாங்காதீர்கள்.

இணைப்பு கொடுக்கிற அன்று அடுப்பின் ஜெட்டை (கேஸ் வெளிவரும் சின்னத் துளை முனை) மாற்றித் தருவார்கள், மாற்றாமல் பற்றவைக்க விடாதீர்கள். இன்னொன்று, சிலிண்டர் கேஸ் கசிந்தால் தரையோடு தங்கும், குழாய் கேஸ் மேலே ஏறும். சமையலறையில் கூரையை ஒட்டிய வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருந்தால் முதலில் அதைப் பிரித்துவிடுங்கள்.