யாழ்ப்பாணம் போகிறீர்களா? பெரியம்மாவின் அலமாரியையும் ஒருக்கால் திறந்து பாருங்கள்

ஊருக்குப் போகும்போது வரலாற்று ஆவணப்படுத்தலுக்குக் கைகொடுக்க விரும்புபவர்கள் முதலில் தொடர்புகொள்ள வேண்டியது நூலகம் நிறுவனத்தை. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகளை ஸ்கான் செய்து எண்ணிமப்படுத்தி 2005 முதல் இணையத்தில் இலவசமாக வாசிக்கத் தருபவர்கள். புறப்பட ஒரு மாதம் முன்பே எழுதுங்கள். எத்தனை நாள் நிற்பீர்கள், தமிழில் தட்டெழுத வருமா என்று சொன்னால் வேலை ஒதுக்கச் சுலபம். உங்கள் விசாவில் தொண்டு வேலை செய்யலாமா என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.

ஆனால் இரண்டு மூன்று கிழமை விடுமுறையில் ஸ்கான் பண்ணப் பழகவே பாதி நாள் போய்விடும். உங்களால் மட்டும் முடிந்த வேலை வேறொன்று இருக்கிறது: சொந்தக்காரர் வீடுகளில் கிடக்கும் பழைய அச்சுத் தாள்களைத் தேடியெடுத்து ஸ்கான் பண்ணக் கொடுப்பது. அறியாத ஆளுக்கு அலமாரியைத் திறக்கத் தயங்கும் பெரியம்மா, நீங்கள் கேட்டால் தானே எடுத்துத் தருவார்.

கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூடச் சஞ்சிகை, பழைய கடிதம் எல்லாம் பெறுமதியானவைதான். எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடிக்கும் கல்வெட்டு. கல்லில் வெட்டியது அல்ல, இறந்தவரின் நினைவாக வரும் சிறு புத்தகம். இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, வம்சாவளி, பிறந்த ஊர், புகுந்த ஊர், மலாயாவில் ரயில்வே கிளார்க்காக இருந்த காலம் என்று ஒரு குடும்பத்தின் கதை முழுக்க அந்தச் சில பக்கங்களுக்குள் இருக்கும். வேறெந்தப் புத்தகத்திலும் அது கிடைக்காது. 1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அப்புறம் இடப்பெயர்வுகளில் வீடுவீடாகப் போனவற்றுக்குக் கணக்கே இல்லை. மிஞ்சியதைக் கறையான் தின்னவிடக் கூடாது.

கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள், தாள் கிழிந்துவிடும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே வேண்டாம், அதன் பசை காலப்போக்கில் தாளைப் பழுப்பாக்கிவிடும். யாருடையது, எந்த ஊர், யார் தந்தது என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரைப் பெரியவர்களிடம் கேட்டு அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் போடலாமா என்று வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மூலப் பிரதி அவர்களிடமே திரும்பிப் போகட்டும். ஏட்டுச்சுவடி ஏதாவது கையில் கிடைத்தால் ஆசைப்பட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். பழம்பொருள்களைத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது சட்டப்படி குற்றம்.