கை உயர்த்துவதற்கு முன் தலையை எண்ணுங்கள்

வன்னியில் ஒரு கூட்டத்துக்கு வந்துபோவதே அரைநாள் வேலை. துணுக்காயிலிருந்து முல்லைத்தீவுக்கு வருகிறவருக்குப் பின்னேர பஸ் தவறினால் வீடு போய்ச் சேர்வது கஷ்டம். அதனால் மூன்று மணிக்குப் பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பிவிடுவார்கள். முக்கியமான தீர்மானமோ நிகழ்ச்சி நிரலின் அடியில் கிடக்கும்.

நான் செயலாளராக இருந்த ஒரு சபையில் 11 உறுப்பினர்கள். கூட்டநடப்பெண், அதாவது தீர்மானம் செல்லுபடியாக ஆகக் குறைந்தது இருக்கவேண்டிய ஆட்கள், 6. வரவுப் பதிவேட்டில் 7 கையெழுத்து இருந்தது. வாய்க்கால் திருத்தத்துக்குப் பணம் ஒதுக்கும் தீர்மானம் வந்த நேரம் அறையில் இருந்தவர்கள் 5 பேர். நான் எண்ணிப் பார்க்கவில்லை. பிறகு ஒருவர் ஆட்சேபித்தார். தீர்மானம் செல்லாமல் போனது. மறுபடி கூட்டம் கூட்டுவதற்குள் மாரி பிடித்துவிட்டது. அடுத்த சிறுபோகத்தில் வாய்க்காலின் கடைசிக் காணிக்காரருக்குத் தண்ணீர் ஒழுங்காகப் போகவில்லை. அது இன்றைக்கும் என் மனதை உறுத்துகிறது.

கையெழுத்து வேறு, ஆள் இருப்பது வேறு. தீர்மானத்துக்கு விடும் அந்த நிமிடத்தில் எண்ணி, எண்ணிக்கையைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். முக்கியமான விடயத்தை முதலாவதாக எடுங்கள்.

அதைவிடப் பெரிய குழப்பம் பெரும்பான்மையில் வருகிறது. 9 பேர் இருக்கிறார்கள். 4 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு, 2 பேர் கை தூக்கவில்லை. நிறைவேறியதா? “சமுகமளித்து வாக்களித்தோரில் பெரும்பான்மை” என்று விதி சொன்னால் நிறைவேறியது. “சமுகமளித்தோரில்” என்று மட்டும் சொன்னால் 5 வேண்டும், தோற்றுவிட்டது. “மொத்த உறுப்பினரில்” என்றால் 11 பேர் சபைக்கு 6 வேண்டும். ஒரே வாக்கெடுப்புக்கு இப்படி வேறு வேறு முடிவு.

இலங்கையின் அரசியலமைப்பே இந்த வித்தியாசத்தைக் காட்டுகிறது. 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தின் கூட்டநடப்பெண் 20தான். சாதாரண விடயங்கள் சமுகமளித்து வாக்களித்தோரின் பெரும்பான்மையால் முடிவாகும். அரசியலமைப்பைத் திருத்துவதற்கோ, வராதவர்களையும் சேர்த்து மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு, அதாவது 150 வாக்கு வேண்டும். ஆனால் பாராளுமன்றக் கணக்கை உங்கள் சபைக்கு அப்படியே போடாதீர்கள். உங்கள் சட்டமோ யாப்போ என்ன சொல்கிறதோ அதுதான். வெற்றிடமான இடங்களையும் சேர்த்துக் கணக்கிடுவதா என்பதையும் அதிலேயே பாருங்கள்.

தலைவரின் அறுதியிடும் வாக்கும் அப்படித்தான். பாராளுமன்றத்தில் தலைமை தாங்குபவர் முதலில் வாக்களிப்பதில்லை. வாக்குகள் சமமானால் மட்டும் அளிப்பார். சில சபைகளில் தலைவருக்குச் சாதாரண வாக்கும் உண்டு, சமமானால் இன்னொன்றும் உண்டு. விதியில் இல்லாத இரண்டாவது வாக்கை வழக்கம் என்று சொல்லி எடுக்கக் கூடாது.

அப்புறம், சொந்தபந்தம். எங்கள் ஊர்களில் ஒப்பந்தக்காரர் யாரோ ஒரு உறுப்பினருக்கு மச்சானாகவோ சம்பந்தியாகவோ இருப்பார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லாமல் இருப்பதுதான் பிழை. பேச்சுத் தொடங்கும்போதே உறவைச் சொல்லி, அந்த விடயம் முடியும்வரை வெளியே இருங்கள். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு: அவர் வெளியேறினால் கூட்டநடப்பெண் குறையுமா? பல விதிகள் அவரை எண்ணுவதில்லை. 6 பேர் மட்டும் வந்த கூட்டத்தில் ஒருவர் விலகினால் அந்த விடயத்தையே ஒத்திவைக்க நேரிடலாம். இதை முன்கூட்டியே பார்த்து, எல்லோரையும் வரச்சொல்வது செயலாளரின் பொறுப்பு.

வைபர் குழுவில் “சரி” என்று போடுவதைத் தீர்மானமாக எழுதுவதும் இப்போது நடக்கிறது. சுற்றறிக்கை மூலம் முடிவெடுக்க விதி இடம் கொடுத்தால் ஒழிய, அது கருத்து மட்டும்தான். அடுத்த கூட்டத்தில் முறைப்படி முன்மொழிந்து வாக்குக்கு விடுங்கள்.