எல்.கே.ஜி. மிஸ் ஆக எதற்குப் பட்டம்? மழலையர் கல்வி படிக்க நினைப்பவர்களுக்கு

பிளஸ் டூ முடித்துவிட்டு, சின்னக் குழந்தைகளோடு வேலை பார்க்க வேண்டும், அதற்குப் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். "எல்.கே.ஜி. மிஸ் ஆகறதுக்கா மூணு வருஷம் காலேஜ்?" என்றுதான் கேட்பார்கள். என்னைக் கேட்டது சித்தப்பா. அவரை அப்புறம் சமாளிக்கலாம், முதலில் எந்த வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஏனென்றால் இந்தத் துறையில் படிப்பின் பெயரும் வேலையின் பெயரும் பெரும்பாலும் ஒத்துப்போகாது.

தமிழ்நாட்டில் மழலையர் கல்வி என்ற பெயரிலேயே இளங்கலைப் பட்டம் கிடைப்பது அரிது. அது மனையியலுக்குள் ஒளிந்திருக்கிறது. ஹோம் சயின்ஸ் என்றால் சமையல், தையல் என்று ஒதுக்கிவிடாதீர்கள், அதில் குழந்தை வளர்ச்சியைப் படிக்கும் 'மனித மேம்பாடு' என்று ஒரு பிரிவு உண்டு, நமக்கு வேண்டியது அதுதான். கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனித் துறையே இருக்கிறது. முதுகலைக்கு வெளியூர் போக முடியும் என்றால் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தையும் டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் டிப்ளமோ இருக்கிறது.

பலர் சறுக்குவது பி.எட். விஷயத்தில். "எதுக்கும் பி.எட். போட்டுவை" என்று எல்லாரும் சொல்வார்கள். அது பெரிய வகுப்புகளுக்கான படிப்பு. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆசிரியர் ஆகக்கூட அது தகுதி இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டும் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு, ஆசிரியர் படிப்புகளை முறைப்படுத்தும் தேசிய அமைப்பான என்.சி.டி.இ. வகுத்திருப்பது இரண்டு வருட முன்பருவக் கல்வி டிப்ளமோ. இப்போது பிளஸ் டூ முடித்ததும் சேரும் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்த நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்பும் வந்திருக்கிறது, நுழைவுத் தேர்வு என்.சி.இ.டி. சேரும் முன் அந்த இடத்தில் எந்த வகுப்புகளுக்கான ஆசிரியர் பயிற்சி தருகிறார்கள் என்று பாருங்கள், சில இடங்களில் உயர் வகுப்புகளுக்கு மட்டும்தான்.

தெருவுக்குத் தெரு இருக்கும் மாண்டிசோரி பயிற்சி போர்டுகளிலும் ஜாக்கிரதை. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மாள் 1939-ல் நம் அடையாறுக்கே வந்து பயிற்சி நடத்தி, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தவர், அதனால்தானோ என்னவோ நம் ஊரில் அந்தப் பெயருக்கு அவ்வளவு மவுசு. அவரே 1929-ல் தொடங்கிய ஏ.எம்.ஐ. என்ற சர்வதேச மாண்டிசோரி சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: லேப் நர்சரி, அதாவது மாணவர்கள் பயிற்சி பெறக் கல்லூரியே நடத்தும் நர்சரி, இருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் குழந்தைகளோடு இருப்போம்? நான் உருப்படியாகக் கற்றதெல்லாம் அங்கேதான். மூன்றரை வயதுப் பையன் ஒருவன், பையை மாட்டிக்கொண்டே வாசலில் உட்கார்ந்திருந்தான், உள்ளே வரவே இல்லை. 'அடம் பிடித்தான்' என்று அப்சர்வேஷன் ரெக்கார்டில் எழுதினேன். மேடம் சிவப்பு மையால் சுழித்து, "அடத்தை எங்கே பார்த்தே? கண்ணுல பட்டதை எழுது" என்றார். மறுநாள் எழுதினேன்: பையைக் கழற்றவில்லை, வாசலையே பார்த்தான், ஆட்டோ சத்தம் கேட்டு மூன்று முறை எழுந்தான். எழுதும்போதுதான் உறைத்தது, அவன் தாத்தாவின் ஆட்டோவுக்காகக் காத்திருக்கிறான். அவர் அவன் பார்க்காத நேரத்தில் நைசாகக் கிளம்பிவிடுவது வழக்கம். சொல்லிவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொண்டோம். நான்காம் நாள் அவனே தாத்தாவுக்கு டாட்டா காட்டிவிட்டுப் புளியங்கொட்டை பிரிக்க வந்து உட்கார்ந்தான்.

சரி, வேலை. தனியார் நர்சரிப் பள்ளியில் இடம் உடனே கிடைக்கும், சம்பளம்தான் கிடைக்காது. எனக்கு முதல் மாதம் 7,500 ரூபாய், அதில் ஆண்டு விழா பொம்மைகளுக்கான சார்ட் பேப்பரும் என் கைக்காசு. கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்துதான் தொடங்குகிறது, அதனால் அதற்குக் கீழே யாரை வேண்டுமானாலும் வைத்து ஓட்டுகிறார்கள். அரசு பக்கம் என்றால் அங்கன்வாடித் திட்டம், அதில் மேற்பார்வையாளர், குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பதவிகள் உண்டு. ஆனால் அறிவிப்பில் கேட்கும் பட்டம் எது என்று வரிக்கு வரி படியுங்கள், ஊட்டச்சத்து பாடத்தைக் கேட்டு உங்களைக் கழித்துவிடலாம். கல்லூரி ஆசிரியர் ஆவதற்கு முதுகலையோடு மனையியல் பாடத்தில் நெட் தகுதித் தேர்வு.

என்னைக் கேட்டால் ஆள் பற்றாக்குறை உள்ள இடம் சிறப்புக் கல்விதான். பேச்சு தாமதமான பிள்ளையையும் ஆட்டிசம் உள்ள பிள்ளையையும் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் அலையும் பெற்றோர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரமும் பதிவும் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். முட்டுக்காட்டில் ஈ.சி.ஆர். மேலேயே மத்திய அரசின் நிறுவனம் ஒன்று இருக்கிறது, அங்கே நடத்தும் படிப்புகளை விசாரியுங்கள்.

வெளிநாட்டு ஆசை இருந்தால் ஒரு வேலையை இப்போதே செய்து வையுங்கள். ஆஸ்திரேலியாவில் இந்த ஆசிரியர்களின் தகுதியைப் பரிசீலிப்பது ஏ.சி.இ.சி.க்யூ.ஏ. என்ற அமைப்பு, பயிற்சிக்குச் சான்று கேட்பார்கள். எத்தனை நாள், எந்த வயதுப் பிள்ளைகள், யார் மேற்பார்வை என்று கல்லூரி லெட்டர்பேடில் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். என் தோழி ஆறு வருடம் கழித்து இதற்காகக் கல்லூரிக்குப் போனபோது மேடம் ரிட்டயர் ஆகியிருந்தார், ரெக்கார்டு நோட்டுகள் பழைய பேப்பருக்குப் போயிருந்தன.