கலங்கிய குவெட் தெளியும்போது: லைசோசைமை அளப்பது எப்படி

கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் செய்முறை சொல்லித்தருவது என் வேலை. ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன, அதனால் நொதிகளை மாற்றாகப் பார்க்கிறார்கள் என்று வகுப்பில் எவ்வளவு சொன்னாலும் மனதில் நிற்பதில்லை. கலங்கிய குவெட் (ஒளி உறிஞ்சலை அளக்கக் கரைசலை ஊற்றும், ஒளி புகும் சிறு குப்பி) ஒன்று கண்ணெதிரே தெளிவதைப் பார்த்துவிட்டால் கேள்விகள் தானாக வரும்.

எடுத்துக்கொள்ளும் நொதி லைசோசைம். அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922-இல், அதாவது பென்சிலினுக்கு முன்பே, இதைப் பற்றி எழுதினார். அவருக்கு இது முதலில் அகப்பட்டது மூக்குச் சளியில். கண்ணீரிலும் எச்சிலிலும் உண்டு. முட்டையின் வெள்ளைக்கருவில் தாராளமாக உண்டு. பாக்டீரியாவின் செல் சுவரில் இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்திருக்கும். அந்தக் கோர்வையைத்தான் இது அறுக்கிறது. சுவர் அறுந்தால் செல் உடையும், கலங்கல் தெளியும்.

முதலில் பாக்டீரியா. மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் என்ற பாக்டீரியாவின் உலர்ந்த செல்கள் பொடியாகவே விற்கின்றன, உயிருள்ள வளர்ப்பு தேவையில்லை. பிஎச் 6.2 உள்ள பொட்டாசியம் பாஸ்பேட் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) பொடியைக் கலக்குங்கள். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற ஒளி அளக்கும் கருவியில், 450 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.6-க்கும் 0.7-க்கும் இடையில் வரும்வரை பொடியையோ பஃபரையோ சேர்த்துச் சரிசெய்யுங்கள். நிற்க வைத்தால் செல்கள் அடியில் படியும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மெல்லக் குலுக்குங்கள்.

அடுத்தது வெள்ளைக்கரு. நான் சறுக்கியது இங்கேதான். முதல் ஆண்டு வெறும் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தேன். தெளிய வேண்டிய கரைசல் வெண்ணிறமாகத் திரண்டது, அன்றைய அளவீடு முழுவதும் வீண். உப்பு இல்லாத நீரில் வெள்ளைக்கருவின் சில புரதங்கள் கரையாமல் பிரிந்துவிடும். ஆகவே 1 மில்லி வெள்ளைக்கருவை 9 மில்லி 0.9% உப்புக் கரைசலில் விட்டு, நுரை கிளம்பாதபடி மெதுவாகக் கலக்குங்கள். மெல்லிய துணியில் வடிகட்டி, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். அதில் 1 மில்லியோடு 49 மில்லி குளிர்ந்த பஃபர் சேர்த்தால் மொத்தம் 500 மடங்கு நீர்த்திருக்கும். பனிக்கட்டி மேல் வையுங்கள்.

சரி, இப்போது அளவீடு. 25 டிகிரி செல்சியஸில் 2.5 மில்லி செல் கலவை, அதில் 0.1 மில்லி நொதிக் கரைசல். மூடித் தலைகீழாக இரண்டு முறை கவிழ்த்து, உடனே கருவியில் வைத்து 30 நொடிக்கு ஒருமுறை ஒளி உறிஞ்சலைக் குறியுங்கள், 5 நிமிடம். நொதிக்குப் பதில் பஃபர் மட்டும் விட்ட குவெட் ஒன்று கட்டாயம் வேண்டும். செல்கள் படிவதாலும் எண் குறையும், அதைக் கழிக்காவிட்டால் உங்கள் கணக்கு பொய்.

ஒளி உறிஞ்சல் ஒரு நிமிடத்தில் 0.001 குறைந்தால் ஒரு யூனிட். நிமிடத்துக்கு 0.025 குறைந்ததென்றால் அந்த 0.1 மில்லியில் 25 யூனிட், ஒரு மில்லியில் 250. நீர்த்த 500 மடங்கால் பெருக்குங்கள்: ஒரு மில்லி வெள்ளைக்கருவில் 1,25,000 யூனிட்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆய்வகத்துக்கான தீங்கற்ற ஈ. கோலை பாக்டீரியா வகை இருந்தால் அதிலும் இதே நொதியை விட்டுப் பாருங்கள். எண் அசையாமல் அப்படியே நிற்கும். ஈ. கோலையின் செல் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது, நொதி உள்ளே போக முடியாது. டிரிஸ் என்ற வேறொரு பஃபரில் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்து அந்தச் சவ்வைத் தளர்த்தினால்தான் வழி திறக்கும். நொதி மருந்து எந்தக் கிருமிக்கு, எந்தச் சுவருக்கு என்ற கேள்வி மாணவர்களுக்கு உறைப்பது இந்தக் குவெட்டில்தான். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி தன் சுவர்ச் சர்க்கரையையே சற்று மாற்றி லைசோசைமிடமிருந்து தப்புகிறது. அதற்கு லைசோஸ்டாஃபின் என்ற வேறு நொதி உண்டு, அது சுவரின் இழைகளை இணைக்கும் கிளைசின் (ஓர் அமினோ அமிலம்) பாலங்களை வெட்டும்.

உயிருள்ள செல் தொட்ட எதையும் 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) பிறகே கொட்டுங்கள்.

ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் கேட்பார்: "அப்போ வெள்ளைக்கருவைப் புண்ணில் தடவலாமா?" கூடவே கூடாது. பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம், அதற்கும் ஈ. கோலைக்கு இருப்பதுபோலவே அந்த வெளிச்சவ்வு உண்டு.