இக்கிட்டோஸில் தன்னார்வலர் வாழ்க்கை: காட்டுக்குத் தயாராகி வந்து ஊரில் தடுமாறுவது

பெரு நாட்டின் இக்கிட்டோஸுக்குத் தன்னார்வலராகக் கிளம்புகிறவர்களின் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே சாமான்கள்தான். முழங்கால் வரை பூட்ஸ், தலையில் மாட்டும் டார்ச், பத்துப் பாக்கெட் வைத்த காக்கி பேன்ட். என் பெட்டியிலும் அதெல்லாம் இருந்தது. முதல் மாதத்தில் என்னைப் படுத்தியதோ விடியற்காலையிலேயே தொடங்கும் வண்டிச் சத்தமும், பூஞ்சை பூத்த சட்டையும், சில்லறை இல்லாத பர்ஸும்தான். பாம்பைப் பார்க்கவே இல்லை.

இக்கிட்டோஸ் அமேசான் காட்டின் நடுவில் இருக்கிறது. ஆனாலும் அது லட்சக்கணக்கான மக்கள் வாழும் நகரம், லொரேட்டோ பிரதேசத்தின் தலைநகர். வெளியிலிருந்து சாலை கிடையாது. விமானத்தில் வர வேண்டும், இல்லாவிட்டால் படகில். ஊரிலிருந்து கிளம்பும் ஒரே நெடுஞ்சாலையும் சுமார் 100 கிலோமீட்டர் ஓடி, நௌட்டாவில் ஆற்றங்கரையோடு நின்றுவிடும். இதைப் படித்துவிட்டு, தீவு போல அமைதியான ஊர் என்று கற்பனை செய்துகொண்டு வருகிறார்கள். உண்மையில், கார் கொண்டுவருவது பெரும்பாடு என்பதால் தெருவெல்லாம் மோட்டோகாரோதான்: முன்பாதி மோட்டார் பைக், பின்பாதி ஆட்டோ. சைலன்சர் என்பது பல வண்டிகளில் பெயருக்குத்தான். அதனால் அறை பார்க்கும்போது பகலில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். இரவு ஒருமுறை, விடியற்காலை ஒருமுறை போய் நின்று கேளுங்கள். தெருவைப் பார்த்த அறையை விடக் கொல்லைப்புற அறை மேல். தகரக் கூரைக்குக் கீழே மாடி அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மதியம் அடுப்பு, மழை வந்தால் பறைமேளம்.

மின்சாரமும் அப்படித்தான். இந்த ஊர் பெருவின் தேசிய மின்தொகுப்போடு இணைக்கப்படவில்லை. தனக்கென ஓர் அனல்மின் நிலையத்தை நம்பி இருக்கிறது. மின்வெட்டு வரும். வேலைக்கான கோப்புகளை இணையத்தில் மட்டும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

ஈரப்பதத்தைப் பற்றி ஒரே வரி: தோல் செருப்பு, கேமரா லென்ஸ், பாஸ்போர்ட் மூன்றையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஸ்வெட்டர் எதற்கு என்று சிரிக்கவும் வேண்டாம். ஜூன் மாத வாக்கில் தெற்கிலிருந்து வரும் குளிர்காற்றை அங்கே 'ஃபிரியாஹே' என்பார்கள். அந்த இரண்டு மூன்று நாட்கள் மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று தேவைப்படும்.

பணத்தில் எல்லோரும் செய்யும் தவறு, ஏடிஎம்மில் எடுத்த 100 சோல் நோட்டோடு சந்தைக்குப் போவது. மோட்டோகாரோ ஓட்டுநரிடமும் இருக்காது, பழக்காரம்மாவிடமும் இருக்காது. பெரிய கடையில் நோட்டை உடைத்துக்கொண்டு பிறகு சந்தைக்குப் போங்கள். கிழிந்த நோட்டை வாங்கிவிட்டால் அது உங்கள் தலையில்தான். மோட்டோகாரோவில் ஏறுவதற்கு முன்பே கூலி பேசிவிட வேண்டும். சந்தையில் ஒரே ஆளிடம் தொடர்ந்து வாங்கினால் நீங்கள் அவருக்குக் 'கசேரோ', வாடிக்கை. அதன் பிறகு கொசுறு தானாக வரும், அங்கே அதன் பெயர் 'யாபா'.

இனி நாக்கு சம்பந்தப்பட்ட இரண்டு தவறுகள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இவற்றில் கட்டாயம் விழுவார்கள். முதலாவது, "நான் இந்தியன்" என்று சொல்ல நினைத்து 'இந்தியோ' என்பது. பெருவில் அது பழங்குடியினரை இழிவாகச் சொல்லும் வசைச்சொல்லாகவும் புழங்குகிறது. "சோய் தெ லா இந்தியா" என்று நாட்டின் பெயரைச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் "ஆ, இந்தூ!" என்பார். மதத்தைக் கேட்கவில்லை, அந்த ஊர்ப் பேச்சில் இந்தியரைக் குறிக்கும் சொல்லே அதுதான். கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தாலும் நீங்கள் அங்கே இந்தூதான். திருத்தத் தொடங்கினால் சாப்பாடு ஆறிவிடும்.

இரண்டாவது, சைவக்காரர்களுக்கு. 'கார்னே' வேண்டாம் என்று மட்டும் சொன்னால் தட்டில் கோழி வரும். பேச்சு வழக்கில் கார்னே என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். கோழியும் (போயோ) மீனும் (பெஸ்காடோ) வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். 'தக்காச்சோ' என்ற இடித்த வாழைக்காய் உருண்டை பார்க்கச் சைவமாகத் தெரியும், அதைப் பிசைவது பன்றிக் கொழுப்பில்.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். "கிளைமேட் ஒத்துக்கவில்லை" என்று இரண்டு மாத்திரை போட்டுப் படுத்துக்கொள்வதுதான் இந்த ஊரில் செய்யக்கூடிய மிக ஆபத்தான காரியம். டெங்கு நகரத்து நோய். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், வீட்டு வாளியிலும் தண்ணீர் டிரம்மிலும் முட்டையிடும். காட்டுக்குப் போகும்போது மட்டும் கொசு மருந்து தடவிவிட்டு அறையில் மூடாத வாளியோடு வாழ்ந்தால் பலனில்லை. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் தொடவே கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும். பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு.

மலேரியாவுக்கு அரசுச் சுகாதார நிலையத்திலேயே இலவசமாக ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், மருந்தும் இலவசம். அந்தப் பரிசோதனையை 'கோத்தா க்ருயெசா' என்று கேளுங்கள். அந்தப் பகுதியில் அதிகம் காணப்படும் வைவாக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் பதுங்கிக் கிடக்கும். குளோரோகுயின் காய்ச்சலை இறக்கும், பதுங்கியதை ஒழிப்பது பிரைமாகுயின். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள், ஊர் திரும்பிச் சில மாதம் கழித்து மறுபடி நடுங்குகிறார்கள். நம்மூர் மருத்துவருக்கு அமேசான் என்ற எண்ணமே வராது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று, ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பிரைமாகுயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இந்தக் குறைபாடு இந்தியர்களிடமும் உண்டு. கிளம்பும் முன்பே அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்து முடிவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்கு 10 நாள் முன்னதாகவாவது போட்டாக வேண்டும். சான்றிதழ் இல்லாமல் பெருவிலிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள்வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது.

அடுத்தது நாட்காட்டி. ஜனவரி, பிப்ரவரி என்று திட்டம் போடுகிறவர்கள் தோற்றுப்போகிறார்கள். அங்கே மாதங்கள் இரண்டுதான்: 'கிரெசியெந்தே', 'வசியான்தே'. தண்ணீர் ஏறும் காலம், வடியும் காலம். ஏப்ரல், மே வாக்கில் ஆறு உச்சத்தில் இருக்கும், செப்டம்பர், அக்டோபரில் அடியில். இரண்டுக்கும் நடுவே 10 மீட்டர் அளவுக்குக்கூட வித்தியாசம் வரும். தாழ்வான பெலென் பகுதியில் வீடுகள் கட்டைக்கால்களில் நிற்பதும் மிதப்பதும் இதனால்தான். மே மாதம் வாசல்வரை படகில் போய்ப் பார்த்த குடும்பத்தை அக்டோபரில் சேற்றில் நடந்து போய்த்தான் பார்க்க முடியும்.

இது வெறும் போக்குவரத்துப் பிரச்சினை இல்லை. தண்ணீர் ஏறும்போது மீன்கள் வெள்ளக் காட்டுக்குள் பரவிவிடும், பிடிப்பது கடினம், விலை ஏறும். வடியும்போது ஆற்றில் மீன் குவியும், வண்டல் கரையில் நெல் விதைப்பார்கள். "வாரத்தில் எத்தனை நாள் மீன் சாப்பிடுகிறீர்கள்" என்று ஒரே மாதத்தில் கணக்கெடுத்துவிட்டு அந்தக் கிராமத்தின் ஊட்டச்சத்து பற்றி அறிக்கை எழுதிய தன்னார்வலர்களில் நானும் ஒருவன். எங்கள் கணக்கு தண்ணீர் வடிந்த மாதத்துடையது. அறிக்கையைப் படித்த உள்ளூர்ச் செவிலியர் வேறொன்றுமே சொல்லாமல், "மே மாசம் வந்து கேளுங்க" என்று மட்டும் சொன்னார்.

பெலென் சந்தையில் குட்டிக் குரங்கையோ ஆமையையோ கயிற்றில் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் மனசு கேட்காது. காப்பாற்றுவதாக நினைத்துக் காசு கொடுத்து வாங்குவதுதான் அந்த இடத்தில் நடக்கும் பெரும் பிழை. விற்றவருக்கு அது இன்னொரு விற்பனை, அடுத்த வாரம் அதே கயிற்றில் வேறு குட்டி. தாய்க் குரங்கைச் சுட்டுத்தான் பெரும்பாலும் குட்டியைப் பிடிக்கிறார்கள். ஸ்லாத் என்ற மந்தமான மரவாழ் விலங்கைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுக்கக் கொடுக்கும் காசும் இதே கணக்கில்தான் சேரும். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள், வாங்காதீர்கள்.

அயவாஸ்கா என்ற மாயக்காட்சி தரும் மூலிகைக் கஷாயத்தைக் குடிக்கும் சடங்கைச் சனி ஞாயிறு பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளும் தன்னார்வலர்கள் உண்டு. அது அங்குள்ள மக்களின் மருத்துவ மரபு, பெரு அரசு 2008இல் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அதைக் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சம்பளம் இல்லாத வேலைக்குச் சுற்றுலா அனுமதி போதும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அழைத்த அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காலம் கடந்து தங்கினால் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் ஏறும். எல்லை தாண்டிவிட்டு வந்துவிடலாம் என்றால், பக்கத்து எல்லைக்கே விரைவுப் படகில் ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

படகு என்றதும் ஒன்று. யூரிமாகுவாஸ் என்ற ஊருக்குப் போகும் 'லாஞ்சா' என்ற சரக்குப் படகின் முகப்புக் கரும்பலகையில் 'இன்று' என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். நம்பி, ஹம்மக்கைக் கட்டிப் படுத்துக்கொள்வீர்கள். சரக்கு நிரம்பினால்தான் கிளம்பும். மறுநாள் காலையிலும் அதே பலகை, அதே 'இன்று'. கிளம்பிய பிறகும் சுமார் 3 நாள் பயணம். லிமாவிலிருந்து ஊர் திரும்பும் விமானத்தை அதே வாரத்தில் போட்டுவைக்காதீர்கள்.