எள்ளுப்பாகில் தொடங்கிய வெளிநாட்டுக் கடன்: நான் விட்ட பிழைகள்

போன கிழமை பெறாமகள் தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். கீவா என்பது வெளிநாட்டில் இருக்கிற சிறு தொழில்காரர்களுக்கு எங்களைப் போன்றவர்கள் வட்டியில்லாமல் கடன் கொடுக்கும் இணையத்தளம். அதில் மூன்று பேருக்கு, ஆளுக்கு 25 டொலர் கடன் கொடுத்திருக்கிறாள். மூன்று பேரும் கொக்கோ பயிரிடுகிறவர்கள். அவளுக்குச் சொக்லேட் என்றால் உயிர். எனக்குத் திக்கென்றது. நான் விழுந்ததும் இதே குழியில்தான், எள்ளால்.

பிடித்த தின்பண்டத்திலிருந்து தொடங்குவதில் பிழையில்லை. வறுத்த எள்ளை உரலில் இடிக்க இடிக்க உலக்கை நுனியில் எண்ணெய் மினுங்கும், வாசம் படலைவரை போகும். அப்படி எள்ளுப்பாகு இடித்த ஒரு நாளில்தான் எள் வேறு எங்கே விளைகிறது என்று தேடினேன். உகண்டாவின் வடக்கில் விளைகிறது, சிம்சிம் என்கிறார்கள். 2005இல் கீவாவின் முதல் கடன்கள் போனதும் அதே நாட்டின் தொரோரோவுக்குத்தான்.

முகங்களை எண்ணித் தைரியம் கொள்வது

எள் விதைக்கும் பெண்கள் எட்டுப் பேருக்குக் கொடுத்தேன். 200 டொலர், சிறுகச் சிறுகச் சேர்த்த காசு. ஒருவர் தவறினாலும் ஏழு பேர் இருக்கிறார்களே என்று நிம்மதியாக இருந்தேன்.

கீவா பெரும்பாலும் நேரே கடன் கொடுப்பதில்லை. அந்தந்த நாட்டு நிறுவனம் ஒன்று கொடுத்து, தவணை அறவிட்டு, திருப்பி அனுப்பும். ஒரே பயிரை, ஒரே பகுதியில் தேடினால் ஒரே நிறுவனம்தான் திரும்பத் திரும்ப வரும். என் எட்டுப் பேருக்கும் அப்படித்தான். அது நொடித்தது. அந்தப் பெண்கள் ஒழுங்காகக் கட்டியிருக்கவும் கூடும். பாதிக்கு மேற்பட்ட காசு எனக்குத் திரும்பவில்லை. நிறுவனத்தின் பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது. எட்டுத் தரம் பார்த்தும் வாசிக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

இப்போது ஒரு நிறுவனத்துக்கு இரண்டு கடனுக்கு மேல் கொடுப்பதில்லை. அதன் நட்சத்திர மதிப்பீட்டையும் பார்க்கிறேன். பெறாமகளின் மூன்றில் இரண்டு ஒரே நிறுவனம். நாலாவதற்கு வேறு நாடு தேடுகிறாள்.

படத்தில் சிரிப்பவர் என் காசுக்காகக் காத்திருக்கிறார் என்று நம்புவது

பெரும்பாலும் நீங்கள் கொடுக்கும் முன்பே கடன் அவர் கைக்குப் போயிருக்கும். உங்கள் காசு, நிறுவனம் கொடுத்ததை ஈடுசெய்யும்.

நாணய மாற்றை மறப்பது

அந்த நாட்டுக் காசு விழுந்தால் உங்கள் டொலரும் குறையலாம்.

அவசரக் காசைப் போடுவது

வேண்டாம்.

வட்டியே இல்லை என்று நினைப்பது

வட்டி வராதது உங்களுக்குத்தான். கடன் வாங்கியவர் பெரும்பாலும் உள்ளூர் நிறுவனத்துக்கு வட்டி கட்டுகிறார். கிழமைத் தவணைக்கு ஆள் வந்து படலையில் நிற்கிறதை இலங்கையின் வடக்கில் பார்த்தவர்கள் நாங்கள். நுண்கடனுக்கு எதிராக எங்கள் பெண்கள் வீதியில் இறங்கியதையும் பார்த்தோம். அந்தப் பாரத்தை இன்னொரு நாட்டுப் பெண்ணின் தலையில் ஏற்ற எனக்கு மனமில்லை. கடனாளிக்கு எவ்வளவு செலவாகிறது என்று நிறுவனத்தின் விவரத்தில் போட்டிருப்பார்கள். அதை வாசித்துவிட்டுக் கொடுக்காமல் விட்ட கடன்களும் உண்டு.